படலையில் நின்ற பறை

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர்களாகப் புதிதாகச் சேர்ந்த தம்பிமார் சிலர் போன கிழமை என்னைப் பார்க்க வந்தார்கள். வேலையில் கைகொடுக்கக்கூடிய நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டார்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லும்படி நான் சொன்னேன். பெருமைக்காக அல்ல, எனக்குக் காது கேட்பதில்லை.

ஐம்பது வயதிலேயே ஓய்வு பெற்றதற்குக் காரணமும் அதுதான். காது கேளாத மொழிபெயர்ப்பாளன் கண் தெரியாத வண்டிக்காரன் மாதிரி. கொஞ்சத் தூரம் மாடு பழக்கத்தில் கொண்டுபோகும், பிறகு கிணறு வரும். என்னைப் பரிசோதித்த டாக்குத்தர் காதுக்குள் வெளிச்சம் பிடித்துப் பார்த்துவிட்டு, 'ட்ரம்' ஓட்டையாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பழக்கதோஷம், உடனே மனதுக்குள் மொழிபெயர்த்தேன்: செவிப்பறை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னைத் துரத்தி வந்த சொல் கடைசியில் காதுக்குள்ளேயே வந்து குந்திக்கொண்டது. ஆகவே தம்பிமாரே, நீங்கள் கேட்ட நாலு வார்த்தைக்குப் பதிலாக இந்த ஒரு வார்த்தையைப் பற்றி எழுதுகிறேன்.

ஆங்கிலேயர் சிக்கனக்காரர். தோல் போர்த்து அடிக்கிற எதுவும் அவர்களுக்கு ட்ரம். தகரத்தால் செய்து உள்ளே தார் ஊற்றி வைத்தாலும் ட்ரம். காதுக்குள் கிடக்கும் சவ்வு ட்ரம். மேசையில் விரலால் தட்டுவது, பிள்ளையின் மண்டைக்குள் வாய்ப்பாட்டை ஏற்றுவது, ஒருவனை மானம்கெடுத்து வேலையை விட்டுத் துரத்துவது எல்லாவற்றுக்கும் இதே சொல்லைக் கொஞ்சம் நீட்டியும் முடக்கியும் வைத்துச் சமாளித்துவிடுகிறார்கள். நமக்கு அந்த வசதி கிடையாது. கல்யாண வீட்டில் அடிக்கிறதைச் செத்தவீட்டில் அடித்தால் மண்டை உடையும் நாடு இது. தவில், மத்தளம், உடுக்கு, பறை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தனி வாசலும் வைத்திருக்கிறோம். அடிப்பவன் எந்த வேலிவரை வரலாம் என்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இது தெரியாத புதிதில் எனக்கு ஒரு வழக்கு வந்தது. ரோட்டு வேலைக்கு வைத்திருந்த தார் ட்ரம் ஒன்றைக் களவெடுத்ததாகக் குருநகர் மீனவர் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குற்றப்பத்திரத்தில் 'ஒரு ட்ரம்' என்று மட்டும் இருந்தது. நான் கணீரென்று, "நீர் அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு மேளத்தைக் களவெடுத்தீர், குற்றவாளியோ சுத்தவாளியோ?" என்று கேட்டேன்.

மனுசனுக்கு ரோசம் வந்துவிட்டது. "மேளமோ? மேளத்தை வைச்சு நான் என்ன செய்யிறது ஐயா? வள்ளத்துக்குப் பூச ஒரு தார்ப் பீப்பாதான் எடுத்தனான். மாதாவாணை மேளத்தைத் தொடேல்லை."

இவ்வளவு சுருக்கமாக வாக்குமூலம் வாங்கியதற்காக மாஜிஸ்திரேட் என்னைப் பாராட்டினார். மீனவர் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போனார். போகும்போதும் மேளக் களவு தன் தலையில் விழவில்லை என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

அன்றைக்குப் பிறகு எனக்கு மேலே இருந்த மூத்த மொழிபெயர்ப்பாளர் என்னைக் கூப்பிட்டார். வெற்றிலை போடுவதற்கு மட்டும் வாயைத் திறப்பவர். "தம்பி, நீர் ஒரு குழாய். அங்காலை ஊத்தினது இஞ்சாலை வரவேணும். குழாய் தண்ணியைக் குடிக்கவும் படாது, சீனி போடவும் படாது."

"குழாய் அடைச்சுப்போனால்?"

"அடைச்சுப்போனன் எண்டு எழும்பிச் சொல்லும். சொல்ல வெக்கப்பட்டவனாலைதான் ஆக்கள் மறியலுக்குப் போறது."

அவர் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். இதற்கு மேல் என்னிடமும் உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இது எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்வேலியில் வாழைத் தோட்டங்களும் கல்வீடும் உடைய கணபதிப்பிள்ளையர் என்பவர் படுக்கையில் கிடந்தார். மனைவி முன்னரே காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. கைக்குழந்தையாகக் கொண்டுவந்து வளர்த்த பூரணம் என்ற பெண் மட்டும் வீட்டில். ஊருக்கு அவள் மகள். சட்டத்துக்கு அந்நியப் பெண். பக்கத்து வளவில், ஒரு வேலி தள்ளி, கணபதிப்பிள்ளையரின் தம்பி நாகமுத்தர் இருந்தார். உறுதிப் பத்திரம் எதுவும் எழுதாமல் அண்ணன் கண்ணை மூடினால் வீடும் கிணறும் தோட்டமும் தம்பிக்கு. பூரணத்துக்கு இணுவிலில் ஒரு வாத்தியாரைப் பேசி முடித்திருந்தார்கள். வீடு சீதனம் என்பது பேச்சு. வீடு இல்லையென்றால் வாத்தியாரும் இல்லை.

இது தெரிந்துதான் கணபதிப்பிள்ளையர் மருதனார்மடத்துப் பக்கத்திலிருந்து நொத்தாரிசு ஒருவரை அழைத்திருந்தார். உறுதி எழுதுகிற, கையெழுத்து வாங்குகிற நொத்தாரிசு. அவரும் எழுதுபொருட்களோடு திருக்கல் வண்டியில் புறப்பட்டார். நீர்வேலியை நெருங்கும்போது பறைச் சத்தம் கேட்டது. கணபதிப்பிள்ளையரின் வீட்டுப் பக்கம். வண்டிக்காரன் வண்டியை நிறுத்தினான். தெருவில் வந்த ஒருவரும் "ஓம், அந்த வளவிலைதான்" என்று சொன்னார். நொத்தாரிசு அதற்கு மேல் ஓரடி வைக்கவில்லை. பிற்பகலில் வேறொரு ஊரில் கல்யாண உறுதி எழுத இருந்தது. செத்தவீட்டுக்குள் போன காலோடு கல்யாண வீட்டுக்குள் போக முடியாது. வண்டியைத் திருப்பிவிட்டார்.

கணபதிப்பிள்ளையர் அப்போது உயிரோடு இருந்தார்.

அந்த வீட்டுப் படலையில், அதாவது வேலி வாசற்கதவில், நின்று பறையடித்தவர் மாணிக்கன். அந்த ஊருக்குப் பரம்பரையாகச் செத்தவீட்டுப் பறை அடிப்பவர். அன்று பின்னேரமே கணபதிப்பிள்ளையருக்குப் பேச்சு நின்றுபோனது. பூரணம் ஆள் விட்டுத் தேடிய நொத்தாரிசு கல்யாண வீட்டுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மறுநாள் வந்தபோது, இந்த முறை பறை சரியாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது.

பூரணத்துக்காகக் கிழட்டுப் பிறக்கிராசி ஒருவர், சின்ன வழக்குகள் பேசுகிற வக்கீல், நாகமுத்தர் மேலும் மாணிக்கன் மேலும் வஞ்சக வழக்கு வைத்தார். வழக்கு வென்றால் வீடு தானாகக் கிடைத்துவிடாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் மறியல் வாசலைக் கண்டால் நாகமுத்தர் வீட்டையாவது எழுதித் தந்துவிட்டுத் தப்பப் பார்ப்பார் என்பது அவருடைய கணக்கு. ஆகவே பூரணத்தின் வீடு ஒரே ஒரு கேள்வியில் தொங்கியது: அன்று நாகமுத்தர் சொல்லித்தானா அந்தப் பறை அடித்தது?

நாகமுத்தர் பட்டணத்திலிருந்து வழக்குப் பேசப் பெரிய அப்புக்காத்து ஒருவரை அமர்த்தினார். அப்புக்காத்தின் வாதம் சுத்தமாக இருந்தது. ஏதோ ட்ரம் அடித்தது. ட்ரம் கோயிலுக்கும் அடிக்கும், ஏலத்துக்கும் அடிக்கும். நொத்தாரிசு அவசரப்பட்டுத் திரும்பினால் அதற்கு நாகமுத்தர் என்ன செய்வார்?

மாஜிஸ்திரேட் ஒரு வெள்ளைக்காரத் துரை. கெட்ட மனிதர் அல்ல. வெயிலில் வாடிய கீரைபோல ஒரு முகம். இந்த நாட்டில் நடப்பது எதுவும் தனக்கு விளங்கவில்லை என்பதை அவர் விளங்கி வைத்திருந்தார். அந்த அளவுக்கு வந்தவர்கள் குறைவு.

முதலில் நொத்தாரிசு ஏறினார். நான் எழுந்து கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் என்னை இலையில் விழுந்த ஈயைப்போலப் பார்த்துவிட்டு, தமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்தார். அந்தக் காலத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவர் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், தமிழில் சாட்சி சொல்வது சால்வை இல்லாமல் சபைக்கு வருவதற்குச் சமம். நான் உட்கார்ந்தேன்.

ஏன் திரும்பினீர் என்று பிறக்கிராசி கேட்டார்.

"ட்ரம் கேட்டேன்" என்றார் நொத்தாரிசு ஆங்கிலத்தில்.

"எப்படிப்பட்ட ட்ரம்?" இது மாஜிஸ்திரேட்.

நொத்தாரிசு யோசித்தார். தமிழில் ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவர் தொண்டைவரை வந்ததை நான் கண்டேன். ஆனால் அதை ஆங்கிலத்துக்குள் எப்படிக் கொண்டுபோவது? அவர் படித்த பள்ளிக்கூடத்தில் செத்தவீடு பாடத்தில் இல்லை. கடைசியில் சொன்னார்: "பெரிய ட்ரம், சேர்."

அப்புக்காத்து சந்தோஷமாக எழுந்தார். கோயிலில் ட்ரம் அடிப்பதுண்டோ? உண்டு. காணி ஏலத்தை அறிவிக்க அரசாங்கமே ட்ரம் அடிப்பிப்பதுண்டோ? உண்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அணிவகுப்பில்? உண்டு. "அப்படியானால் நீர் ட்ரம் கேட்கும்போதெல்லாம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவீரோ?"

ஆங்கிலம் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நொத்தாரிசு இறங்கும்போது அவருடைய கழுத்துப்பட்டி நனைந்திருந்தது. அந்த உறுதியை எழுதியிருக்க வேண்டிய மனிதர், ஒரு சொல்லைத் தமிழில் சொல்ல வெட்கப்பட்டு இரண்டாம் முறையும் வண்டியைத் திருப்பினார்.

அடுத்தது பூரணம். மெலிந்த பெண். தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினாள், ஆனால் குரல் குனியவில்லை.

"காலமை அப்புவுக்குக் கஞ்சி குடுத்துக்கொண்டிருந்தனான். படலையிலை சாப்பறை கேட்டுது. அயலிலை ஆரும் எண்டு நினைச்சன். பேந்து பாத்தால் எங்கடை படலையிலை."

"அப்போது உன் வளர்ப்புத் தகப்பன் நினைவோடு இருந்தாரா?"

"ஓம். அவருக்கும் கேட்டுது. 'ஆர் பிள்ளை மோசம்?' எண்டு கேட்டார்."

"நீ என்ன சொன்னாய்?"

"'ஆரோ தெரியேல்லை அப்பு' எண்டன். 'பாவம்' எண்டார். 'ஆரெண்டாலும் நீ ஒருக்காப் போயிட்டு வா பிள்ளை, நான் இருப்பன்தானே' எண்டார்."

மோசம் என்ற சொல்லைச் சாவு என்று மாற்றி, இதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். குழாய் என்பவன் குரலை மாற்றக்கூடாது. மாற்றவில்லை. மாஜிஸ்திரேட் பேனையை மேசையில் வைத்துவிட்டுச் சன்னலைப் பார்த்தார். பிறகு எடுத்து எழுதினார்.

"ஓடிப் போய், 'அப்பு இருக்கிறார், நிப்பாட்டடா' எண்டு கத்தினன். அவன் உடனை நிப்பாட்டிப்போட்டு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டான்."

இங்கேதான் அப்புக்காத்து எழுந்தார். சாப்பறை என்று அவள் சொன்னதை நான் 'மரண ட்ரம்' என்று மொழிபெயர்த்திருந்தேன். அதை அவர் பிடித்துக்கொண்டார். படித்த நொத்தாரிசு வெறும் ட்ரம் என்கிறார். மரணம் எங்கிருந்து வந்தது? மொழிபெயர்ப்பாளர் தானே சாட்சி சொல்கிறார். அவருக்கும் இந்தப் பெண்ணுக்கும் என்ன உறவோ?

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். "அந்தச் சொல் அதுதானா?"

தம்பிமாரே, நீங்கள் பயப்பட வேண்டிய நிமிடம் இதுதான். அந்தக் கோட்டில் நின்ற ஒவ்வொரு தமிழனுக்கும் அது எந்தப் பறை என்று தெரியும், அப்புக்காத்து உட்பட. நான் ஒரு சின்னப் பிரசங்கம் செய்திருந்தால் துரை நம்பியிருப்பார். மறுநாள் அப்பீலில் அதே பிரசங்கத்தை வைத்து வழக்கைத் தூக்கி எறிந்திருப்பார்கள். 'வெறும் ட்ரம்தான் சேர்' என்று இறங்கியிருந்தால் என் உத்தியோகத்துக்கு ஒன்றும் வந்திருக்காது.

நான் அடைத்துப்போனேன் என்று சொன்னேன். "சேர், அந்தப் பெண் சொன்ன சொல்லில் இரண்டு பாதிகள். முதல் பாதி சாவு, மற்றது ட்ரம். இவ்வளவும் மொழிபெயர்ப்பு. அந்த அடி மற்ற அடிகளிலிருந்து வேறானதா என்பதைச் சொல்ல நான் சாட்சி அல்ல. அடித்தவரும் இருக்கிறார், அடித்த பறையும் இருக்கிறது. அவரைக் கேட்கலாம்."

பறை தடயப் பொருளாக மேசைக்குக் கீழே கிடந்தது, வாரில் கட்டிய ஒரு துண்டுச் சீட்டோடு. மாணிக்கன் சாட்சி சொல்ல ஏறியதும் துரை அதை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். சேவகன் அதைத் தொடத் தயங்கி, காலால் தள்ளிக்கொண்டு போனான்.

இடையில் ஒரு விஷயம். துரைமார் எல்லோரையும் 'யூ' என்றுதான் கேட்பார்கள். அதை நாகமுத்தருக்கு 'நீங்கள்', தார் ட்ரம் மீனவருக்கு 'நீர்', மாணிக்கனுக்கு 'நீ' என்று பங்கிட்டுக் கொடுத்தது நான். எந்தத் தரப்பும் ஆட்சேபிக்கவில்லை.

"கோயிலுக்கு அடிக்கிறதை அடி."

மாணிக்கன் தோளில் மாட்டிக்கொண்டு கொஞ்சம் அடித்தார். வராந்தாவில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்கள் கதையைத் தொடர்ந்தார்கள்.

"இப்போது செத்தவீட்டுக்கு அடிக்கிறதை அடி."

மாணிக்கன் கையை இறக்கினார். "மாட்டன் நயினார்."

"ஏன்?"

"இதுக்குள்ளை ஆரும் சாகேல்லை."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்காமல் மொழிபெயர்த்தேன். துரை சிரிக்கவில்லை. கோட்டுக் கட்டளையை மறுத்தால் தண்டனை உண்டு என்று சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"மறியலுக்கு விட்டாலும் போறன். சும்மா இருக்கிற சனத்துக்கு மேலை அதை அடிக்கேலாது. அடிச்சால் ஆரெண்டாலும் ஒராள் போகவேணும். துரைக்கும் பிள்ளை குட்டியள் இருக்கும்."

பெரிய அப்புக்காத்து தன் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்ததை நான் பார்த்தேன். ஏலத்துக்கும் அணிவகுப்புக்கும் அடிக்கிற வெறும் ட்ரம் என்று சொன்னவர்.

கிழட்டுப் பிறக்கிராசிக்கு அன்றைக்கு எங்கிருந்தோ இளமை வந்துவிட்டது. துள்ளி எழுந்தார். "ஆள் சாகாமல் அடிக்க மாட்டாய்?"

"மாட்டன்."

"மறியலுக்கு விட்டாலும் மாட்டாய்?"

"மாட்டன் நயினார்."

"அப்ப அண்டைக்குக் கணபதிப்பிள்ளையற்றை படலையிலை ஏன் அடிச்சனி?"

மாணிக்கன் பறையைத் தோளிலிருந்து இறக்கினார். "மோசம் எண்டு சொன்னவை. அதாலை அடிச்சனான்."

"ஆர் சொன்னது?"

நாகமுத்தர் எதிரே உட்கார்ந்திருந்தார். சால்வையைச் சரிசெய்தார், அவ்வளவுதான். மாணிக்கனின் குடிசை நின்ற நிலம் அவருடையது. மாணிக்கனின் சொந்தக்காரர் பத்துக் குடும்பம் அவருடைய தோட்டத்தில் கூலிக்கு நின்றது.

"ஆர் எண்டு சொல்ல மாட்டன்" என்றார் மாணிக்கன். பிறகு, ஒருவரும் கேட்காமலே, "ஆனால் உரிமைக்காரர் சொல்லாமல் எங்கடை பறை வீட்டாலை வெளிக்கிடாது. அது எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

உரிமைக்காரர் என்றால் கொள்ளி வைக்க உரித்துள்ளவர். கணபதிப்பிள்ளையருக்கு அப்படி உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான். பெயரைச் சொல்லாமலே மாணிக்கன் பெயரைச் சொல்லிவிட்டார். தமிழ் தெரிந்த அத்தனை கண்களும் நாகமுத்தரின் சால்வையில் போய் விழுந்தன.

பிரதான துக்கக்காரர் என்று நான் மொழிபெயர்த்தேன். துரை எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்தி, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் குரலில் கேட்டார்: "சாகாத ஒரு மனிதனுக்குத் துக்கக்காரர் யார்?"

"அதுதான் சேர்" என்று அப்புக்காத்து மெதுவாக எழுந்தார். "அப்படி ஒருவர் இல்லை."

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வசனத்தை நான் அந்தக் கோட்டில் கேட்டதில்லை. அதை மாணிக்கனுக்குத் தமிழில் சொல்ல வேண்டியதும் என் கடமை. சொன்னேன். அவர், "ஓம், உதும் சரிதான்" என்றார்.

பெயர் இல்லாமல் நாகமுத்தரைத் தண்டிக்க முடியாது என்று துரை விடுதலை செய்தார். மனம் இல்லாமல்தான் செய்தார், அது தெரிந்தது. ஆனால் துரையின் மனத்துக்குச் சட்டத்தில் இடம் ஒதுக்கியிருக்கவில்லை. மாணிக்கன் அடித்ததை ஒப்புக்கொண்டார், சொன்னவரைக் காட்ட மறுத்தார். அவருக்கு ஆறு மாதம். நாகமுத்தர் எதையும் எழுதித் தரவில்லை. அந்த மாதமே வேலியைப் பிரித்து இரண்டு வளவையும் ஒன்றாக்கினார். இணுவில் வாத்தியார் வேறிடத்தில் கட்டினார். பூரணம் பிறக்கிராசியின் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் சமையலுக்குப் போனாள்.

மாணிக்கனைக் கொண்டுபோகுமுன் வராந்தாவில் வைத்துக் கேட்டேன். குழாய் கேட்கக்கூடாத கேள்விதான். கோடு கலைந்துவிட்டது என்று எனக்கு நானே விலக்கு அளித்துக்கொண்டேன்.

"பேரைச் சொல்லியிருந்தால் நீ தப்பியிருப்பாயே. துரை நம்பியிருப்பார்."

"துரை நம்புவார் நயினார்" என்றார். "துரை வாற வருஷம் வேறை ஊருக்குப் போயிடுவார். நான் நீர்வேலிக்கெல்லோ போகவேணும்."

நான் என் பெட்டியைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சரியான இடத்தில் எழும்பினேன், சரியாகச் சொன்னேன், சொன்னபடியே எல்லாம் வெளியே வந்தது. ஒருவருக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை. இதை உங்களுக்கு ஒளிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். வேலையைச் சரியாகச் செய்தால் நல்லது நடக்கும் என்று வேலையில் சேர்கிற நாளில் சொல்வார்கள். சொல்பவர்களுக்கு அடுத்த வருஷம் மாற்றம் வந்துவிடும்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது நாகமுத்தர் காலமானார். யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் போகாமல் இருப்பதற்குத்தான் காரணம் வேண்டும். போவதற்கு வேண்டியதில்லை. என் மனைவி வழியில் ஏதோ ஒரு நூல் உறவும் இருந்தது. போனேன். வெள்ளை கட்டத் துணி கிடைக்காத காலம், பழைய வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துப் பந்தலுக்குக் கட்டியிருந்தார்கள். கணபதிப்பிள்ளையரின் கல்வீடுதான். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது. என் காது அப்போதே பழுதாகத் தொடங்கியிருந்ததால் முதலில் என்மேல்தான் சந்தேகப்பட்டேன். பிறகு பார்த்தால், பறை அடிக்கவில்லை.

மாணிக்கன் படலைக்கு வெளியே நின்றார். தோளில் பறை. கைகள் தொங்கிக்கொண்டிருந்தன. தலை நரைத்துவிட்டது. நாகமுத்தரின் மூத்த மகன் வெளியே போனான். நானும், வெற்றிலை துப்பப் போகிறவன்போல, பின்னால் போனேன்.

"ஏனடா நிக்கிறாய்? அடியடா."

"ஆள் மோசமோ நயினார்?"

"உனக்கென்ன விசரே? பந்தல் தெரியேல்லையோ? உள்ளை அழுகிறது கேக்கேல்லையோ?"

"கேக்குது. ஆளைப் பாத்த ஒராள் வந்து சொன்னால் அடிப்பன்."

"நான் சொல்லுறன். நான் மகன். நான்தானே உனக்கு ஆள் விட்டனான்."

"உரிமைக்காரர் சொல்லி ஒருக்கா அடிச்சனான் நயினார்." மாணிக்கனின் குரலில் கோபம் இல்லை. "பேந்து கோட்டிலை சொல்லிச்சினம், அப்பிடி ஒராள் இல்லையெண்டு."

அந்த அப்புக்காத்தின் வசனம். இத்தனை வருஷமும் அவர் அதை வைத்திருந்திருக்கிறார். தமிழில் அதை அவருக்குக் கொடுத்தவன் நான்.

மகன் கையை ஓங்கினான். யாரோ பிடித்தார்கள். வேறு ஊரிலிருந்து பறை பிடிப்போம் என்று ஒருவர் சொன்னார். மாணிக்கன் நிற்கிற படலைக்கு வேறு ஊர்க்காரர் வரமாட்டார்கள் என்று இன்னொருவர் சொன்னார். நிலத்தை விட்டுக் கிளப்புவேன் என்று மகன் கத்தினான். "கிளப்புங்கோ" என்றார் மாணிக்கன். பறை இல்லாமல் பிரேதத்தை எடுத்தால் நாகமுத்தரின் பிள்ளைகள் மூன்று தலைமுறைக்கு ஊரில் தலைகாட்ட முடியாது. அது மகனுக்கும் தெரியும், மாணிக்கனுக்கும் தெரியும். வெயில் பிரேதத்துக்காகக் காத்திருக்கவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். அவள் வந்திருப்பதை நான் அதுவரை கவனிக்கவில்லை. பூரணம். சமையல் வீட்டிலிருந்து செத்தவீட்டுக்கென்று வந்திருந்தாள், வராமல் இருக்கக் காரணம் இருந்தும். கூந்தலை முடியவில்லை. ஆண்களுக்கு நடுவே நடந்து, தான் வளர்ந்த வீட்டின் படலையைத் தாண்டி, மாணிக்கனுக்கு முன்னால் போய் நின்றாள். முன்னொரு நாள் ஓடிவந்து கத்திய இடம் அது.

மாணிக்கன் அவளைப் பார்த்துத் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். "நாச்சியார் பாத்தனீங்களோ?"

"பாத்தனான்" என்றாள். "மெய்யாத்தான் போயிட்டார். அடியுங்கோ மாணிக்கண்ணை."

நாகமுத்தரின் மகனுக்கு முகம் கறுத்தது. தந்தை செத்த செய்தியைவிட அந்த 'அண்ணை' அவனைச் சுட்டிருக்கும். ஆனால் அப்போது அதைப் பற்றிக் கதைக்க முடியாது.

மாணிக்கன் அடிக்கத் தொடங்கினார். அன்றைக்குக் கோட்டில் அடிக்க மறுத்த அடி. நான் அதை முதல் தடவையாகக் கவனித்துக் கேட்டேன். தெருவில் போன வண்டி ஒன்று நின்றது. வண்டிக்காரன் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு, "ஆர்?" என்று கேட்டான். பூரணம் உள்ளே போகாமல் படலையிலேயே நின்று, பேரைச் சொன்னாள்.

இப்போது அந்தப் பக்கத்துச் செத்தவீடுகளில் பறைக்காரர் படலையில் நின்று, "பாத்தது ஆர்?" என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர் அல்லாத ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் அடிக்கிறார்கள். ஆதிகாலத்திலிருந்து இருக்கிற வழக்கம் என்று போன வருஷம் ஒரு பெரியவர் எனக்கு விளக்கம் தந்தார். நான் காது கேட்காததுபோல இருந்துவிட்டேன். இந்தக் காதால் எனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் அதுதான்.

தம்பிமாரே, பறை என்ற சொல் ஒரு நாள் உங்கள் கூண்டுக்கும் வரும். ஆங்கிலத்தில் அதற்கு ட்ரம் என்பதைத் தவிர வேறு சொல் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஆகவே ட்ரம் என்றே சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிடாதீர்கள். கேள்வி வரலாம், கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருங்கள்.